பழைய பொப் பாட்டுப் பெட்டி: எதை முதல்ல காப்பாத்துறது?

போன மாசம் ரொறன்ரோவில இருக்கிற மருமகன் கோல் எடுத்து, "மாமா, அப்பாட கசெட் பெட்டி உங்கட வீட்டிலதானே இன்னும் கிடக்கு, அதை என்ன செய்யப் போறீங்கள், பாட்டெல்லாம் யூடியூப்பில இருக்கே" எண்டு கேட்டவன். எறியச் சொல்லிக் கேக்கேல்லை, உண்மையா அறியத்தான் கேட்டவன், ஏனெண்டா அந்தப் பெட்டி அவன்ட தகப்பன், என்ட அத்தான், இருவது வருசமாச் சேர்த்தது. 112 கசெட், ஒன்பது சின்ன இசைத்தட்டு, அத்தான்ட கையெழுத்தில பாட்டுப் பட்டியல். நான் அந்த நேரம் சரியாப் பதில் சொல்லேல்லை, யோசிச்சுச் சொல்லுறன் தம்பி எண்டு போனை வச்சிட்டன், பிறகு ரெண்டு மூண்டு கிழமையா இதையேதான் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான். இப்ப ஒரு முடிவுக்கு வந்திருக்கிறன், அவனுக்குச் சொல்லப்போறதை அப்பிடியே எழுதுறன், இந்த மாதிரிப் பெட்டி எங்கட ஊர் திருகோணமலையில இன்னும் கன வீட்டு அலுமாரிக்கு மேல கிடக்கு.

முதல்ல என்ட பழக்கத்தைச் சொல்லவேணும். ஆறு வருசமா ஞாயித்துக்கிழமை பின்னேரம் ஒரு பழைய பொப் பாட்டைப் போட்டுக் கேட்டு, ஆர் பாடினது, பின்னால என்ன என்ன வாத்தியம், நான் முதல் கேட்டது எங்க, அதைக் கேட்டா ஆர்ட ஞாபகம் வருது எண்டு கொப்பியில எழுதிக்கொண்டு வாறன். நாலு கொப்பி முடிஞ்சிட்டுது. முதல் வருசம் ஒரு கிழமை தவறேல்லை, ஆனா போன வருசம் மொத்தமா பதினொரு பாட்டுத்தான் எழுதியிருக்கிறன். விருப்பம் குறைஞ்சு போகேல்லை, ஒவ்வொரு பாட்டையும் முழுசா எழுதவேணும் எண்டு வெளிக்கிட்டு, ஒரு விபரம் தெரியாம நிண்டு, அடுத்த கிழமை பாப்பம் எண்டு மூடி வச்சு, அப்பிடியே இழுபட்டுப் போச்சுது. அதால மருமகன் கேட்ட கேள்வி பெட்டியைப் பற்றினதா இருந்தாலும் எனக்கு அது இந்தப் பழக்கத்தை எப்பிடித் தொடர்ந்து கொண்டுபோறது எண்ட கேள்வியும்தான்.

பொப் எண்டு நான் சொல்லுறது எங்கட பொப், 60களிட கடைசியிலயும் 70களிலயும் இலங்கையில தமிழில வந்தது. "சின்ன மாமியே" பாடின நித்தி கனகரத்தினம், சிலோன் மனோகர் எண்டு தமிழ்நாட்டில அறியப்பட்ட ஏ.ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை, எங்கட ஊரில இருந்து கிளம்பின பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள், இவங்கட காலம். ஒரு கிற்றார், ஒரு பொங்கோ, ஏலுமெண்டா ஒரு எக்கோடியன், அவ்வளவுதான், படப்பாட்டு மாதிரி நாப்பது வயலின் இல்லை, ஆனா எங்கட பேச்சுத்தமிழ் பாட்டுக்குள்ள அப்பிடியே வந்து இருந்தது. பைலா எண்ட இலங்கை ஆட்டப் பாட்டிட தாளம் அதுக்குள்ள ஓடும், அந்தத் தாளம் போர்த்துக்கேயர் வழியா வந்தது, பாலையூத்தில இருக்கிற போர்த்துக்கேய வழி வந்த பறங்கிக் குடும்பங்கள்ட கலியாண வீட்டில வயலினும் மண்டலினும் சேர்த்து கபிரிஞ்ஞா எண்ட அவங்கட ஆட்ட இசையை வாசிக்கிறதைக் கேட்டு வளந்த எங்களுக்கு அது றேடியோவில தமிழில வந்தபோது புதுசாவே தெரியேல்லை, பக்கத்து வீட்டில கேட்ட சத்தம் எங்கட வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருந்தது.

சரி, மருமகன் சொன்ன யூடியூப்பில இருந்தே தொடங்குவம். அதில நல்லது இருக்கு, இல்லையெண்டு சொல்ல மாட்டன். எனக்கு ஒரு பாட்டு உடன கேக்கவேணும் எண்டா போனைத்தான் எடுக்கிறன், அஞ்சு நிமிச வேலை, அலுமாரிக்கு மேல ஏறத் தேவையில்லை. ஆனா அங்க இருக்கிறது பெரிய பாட்டுகள். எல்லாருக்கும் தெரிஞ்ச பத்துப் பதினைஞ்சு பாட்டு திரும்பத் திரும்ப வரும், மேடையில ஒருதரம் பாடினது, கலியாண வீட்டில பாடினது, ஊர் இசைக்குழு பயிற்சி செய்தது, இதெல்லாம் வராது. அதோட போட்டிருக்கிற பேர் கன இடத்தில பிழை. சுராங்கனியை எடுங்கோ. மனோகரன்ட குரலால எங்க பாத்தாலும் பரவின பாட்டு, பிறகு 1977இல "அவர் எனக்கே சொந்தம்" எண்ட தமிழ்ப் படத்தில இளையராஜா இசையில அது வேற மாதிரி வந்தது, இப்ப உள்ள பிள்ளையளிட்ட கேட்டா அது படப்பாட்டு எண்டுதான் சொல்லுதுகள். ரெண்டையும் ஒரே தலைப்பில ஆரும் போட்டு வச்சா அதைப் பாக்கிற பிள்ளைக்கு வித்தியாசம் எப்பிடி விளங்கும்? மனோகரன் 2018 ஜனவரியில சென்னையில காலமானவர், அந்தக் கிழமை நான் என்ட கொப்பியில ஏழு பக்கம் எழுதினனான், அவரைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும். இன்னொரு விசயம், இண்டைக்கு அங்க இருக்கிற வீடியோ நாளைக்கு இருக்காது. நான் குறிச்சு வச்ச இணைப்புகளில கனக்க இப்ப திறக்கிறதில்லை. கேக்கிறதுக்கு யூடியூப் நல்லது, சேத்து வைக்கிறதுக்கு அது எங்கட கையில இருக்கிற இடம் இல்லை.

அடுத்தது, கசெட்டைக் கசெட்டாவே வச்சிருக்கிறது. அத்தான்ட அக்கா, மருமகன்ட மாமி, இந்தக் கட்சி. "அவர் தொட்ட சாமான், அப்பிடியே இருக்கட்டும்" எண்டு சொல்லுவா. 90ஆம் ஆண்டு வீட்டை விட்டு வெளிக்கிடேக்க என்ட அக்கா, அதாவது மருமகன்ட அம்மா, உடுப்புப் பையை விட்டிட்டு இந்தப் பெட்டியைத்தான் தூக்கினவ, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதால எறியுற பேச்சே இல்லை. ஆனா வச்சிருக்கிறது வேற, உயிரோட வச்சிருக்கிறது வேற. பிலிப்ஸ் கொம்பனி 1963இல இந்தக் கசெட்டைக் கொண்டு வந்தபோது அது பாட்டுக்கெண்டு செய்ததே இல்லை, பேச்சுப் பதியத்தான். நாடா நாலு மில்லிமீற்றர் அகலமும் இல்லை, செக்கனுக்கு அஞ்சு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவா ஓடும், அந்தச் சின்ன இடத்தில இரும்பு ஒக்சைட் தூள் ஒரு பசையால ஒட்டியிருக்கு, எங்கட பாட்டு முழுக்க அந்தத் தூளிலதான் இருக்கு.

எங்கட ஊரை யோசியுங்கோ. உவர்மலையில எங்கட வீடு, ஒரு பக்கம் உட்துறைமுகம், மற்றப் பக்கம் கொஞ்சம் நடந்தா டச்சுக் குடா. எந்தப் பக்கத்தால காத்து அடிச்சாலும் உப்பு. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மாரி, சுவரே வேர்க்கும், பிறகு ஆனி ஆடியில கச்சான் காத்து அடிச்சா அலுமாரிக்கு மேல கை வைக்க ஏலாத சூடு. நனைஞ்சும் காஞ்சும் நாப்பது வருசம். நான் போன வருசம் 30 கசெட்டை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன், எட்டில நாடா விளிம்பில வெள்ளையாப் பூஞ்சணம். அஞ்சில உள்ளுக்க இருக்கிற சின்ன ஸ்பொஞ்சுத் துண்டு, நாடாவை, அதைப் படிக்கிற ஹெட்டோட அமத்திப் பிடிக்கிறது, கழண்டு விழுந்திட்டுது. அதுக்குப் பேர் தெரியாம கன பேர் கசெட் செத்துப்போச்சு எண்டு எறியிறாங்க, அது சாகேல்லை. அஞ்சு ஸ்குரூவைக் கழட்டி வேற ஒரு கசெட்டில இருந்து அந்தத் துண்டை எடுத்துப் போட்டா பாடும். ஒட்டி மூடின கசெட் எண்டா கஸ்டம், நாடாவை உருட்டோட எடுத்து ஸ்குரூ போட்ட வேற கூட்டுக்குள்ள மாத்தவேணும், கை நடுங்காத ஆள் செய்யவேணும்.

வச்சிருக்கப் போறீங்க எண்டா சில விசயம் செய்யுங்கோ. படுக்கப் போடாம புத்தகம் மாதிரி நிமித்தி வையுங்கோ. அலுமாரிக்கு மேல வேண்டாம், நடுத்தட்டு நல்லது, ஸ்பீக்கர் பக்கத்தில வேண்டவே வேண்டாம், காந்தம் இருக்கு. சிலிக்கா ஜெல் பைக்கெட் போடுங்கோ. பின்பக்கம் இருக்கிற ரெண்டு சின்னப் பல்லையும் உடைச்சு விடுங்கோ, அப்பதான் ஆரும் பிழையா றெக்கோர்ட் பட்டனை அமத்தினாலும் அழியாது. வருசத்துக்கு ஒருக்கா முழுசா ஓட விடுங்கோ. சி60, அதாவது 60 நிமிசக் கசெட்டைப் பற்றிப் பெரிசாப் பயம் இல்லை, 120 நிமிச சி120 எண்டா நாடா சரியான மெல்லிசு, அதை அடிக்கடி முன்னும் பின்னும் சுத்த வேண்டாம். எல்லாத்துக்கும் மேல பெரிய பிரச்சினை நாடா இல்லை, பிளேயர். உள்ளுக்க இருக்கிற ரப்பர் பெல்ட் உருகிக் களி மாதிரிப் போயிடும், புதுப் பெல்ட் தேடுறதும் திருத்தத் தெரிஞ்ச ஆளைத் தேடுறதும் ஒவ்வொரு வருசமும் கஸ்டமாகிக்கொண்டு போகுது. கசெட் இருந்து பிளேயர் இல்லாட்டி அது ஒரு பெட்டிதான்.

அதால மூண்டாவது வழி, கொம்பியூட்டருக்கு மாத்துறது. இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்லப்போறன், ஏனெண்டா இதில நான் ஒரு பிழை விட்டனான்.

போன வருசம் அஞ்சு கசெட்டைக் கொண்டுபோய் ஒரு கடையில குடுத்தன், காசு குடுத்தா மாத்தித் தருவாங்க எண்டு. ஒரு கிழமையில பென்ட்ரைவில தந்தாங்க, வடிவா வெட்டி, ஒவ்வொரு பாட்டும் தனித்தனி ஃபைல், இரைச்சல் எடுத்து, கேக்க நல்ல துப்புரவா இருந்தது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் விளங்கினது என்ன போச்சுது எண்டு. அதில ஒரு கசெட் அத்தான் 70களிட கடைசியில இலங்கை வானொலியில இருந்து பதிஞ்சது, வயரால இல்லை, றேடியோவுக்கு முன்னால ரேப் றெக்கோர்டரை வச்சு. பாட்டுக்கு முந்தி அறிவிப்பாளர்ட குரல், பாட்டு ஆர் ஆருக்காகக் கேட்டது எண்டு வாசிக்கிற பேர் வரிசை, நடுவில ஒரு காகம், ஒரு இடத்தில குசினிக்குள்ள இருந்து என்ட அம்மா அத்தானைச் சாப்பிடக் கூப்பிடுற சத்தம். கடைக்காரர் அதெல்லாம் குப்பை எண்டு வெட்டிட்டார். அவரில பிழை சொல்ல மாட்டன், பாட்டை மாத்தித் தாங்கோ எண்டுதான் நான் கேட்டனான், அவர் பாட்டைத் தந்தவர். என்ட அம்மாட குரல் இப்ப வேற எங்கயும் இல்லை. நல்ல காலம், கசெட்டை எறியேல்லை, திரும்ப நானே முழுசாப் பதிஞ்சன், அந்தச் சத்தத்தை என்ட காதால கேட்டு முடிச்ச பிறகுதான் அண்டைக்கு நித்திரைக்குப் போனனான்.

அதால கடையில குடுக்கிறதா வீட்டில செய்யிறதா எண்டு கேட்டா, வீட்டில. கடையில வாங்கின கசெட், கொம்பனி அடிச்ச பாட்டுக் கசெட், அதைக் கடையில குடுக்கலாம். வீட்டில பதிஞ்சது, றேடியோவில பதிஞ்சது, மேடையில பதிஞ்சது, இதைக் கையை விட்டு விட வேண்டாம்.

வீட்டில செய்ய ஒரு ஒழுங்கான பிளேயர் வேணும், பழைய கசெட் டெக் கிடைச்சா அதுதான் நல்லது, யூஎஸ்பி போட்டு வாற சின்ன மலிவுப் பிளேயர் வேகம் ஆடும், பாட்டு அலைஞ்சுகொண்டு கேக்கும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால பஞ்சு வச்சுத் துடைக்கவேணும், மண்ணிறமா ஊத்தை வரும், அது வராமப் போகும் வரைக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதைக் கொஞ்சம் இங்கயும் அங்கயும் திருப்பினா சத்தம் மூடித் திறக்கிற மாதிரி மாறும், எங்க கூர்மையாக் கேக்குதோ அங்க விடவேணும், ஏனெண்டா பதிஞ்ச மிசினில ஹெட் நிண்ட சரிவு வேற, எங்கட மிசினில வேற, இதைச் செய்யாமப் பதிஞ்சிட்டு கசெட் மங்கிப்போச்சு எண்டு சொல்லுற ஆக்கள் கன பேர். பிளேயரில சத்தம் வெளியில வாற லைன் அவுட் ஓட்டையில இருந்து யூஎஸ்பி ஒடியோ அடாப்டருக்கு வயர், கொம்பியூட்டரில ஒடாசிட்டி எண்ட ஒலி பதியிற மென்பொருள், அது இலவசம். ரெண்டு பக்கத்தையும் முழுசா, வெட்டாம, இரைச்சல் எடுக்காமப் பதியவேணும். துப்புரவாக்கிறது எல்லாம் பிரதி எடுத்த ஃபைலில செய்யலாம், மூலத்தில கை வைக்க வேண்டாம்.

இனிக் கணக்கு. சீடித் தரத்தில சுருக்காத வேவ் ஃபைல் எண்டா ஒரு நிமிசத்துக்கு 10 எம்பிக்குக் கொஞ்சம் கூட, அப்ப ஒரு சி60 ஏறக்குறைய 635 எம்பி, 112 கசெட்டுக்கு 70 ஜிபிக்கு மேல. ஃப்ளாக் எண்ட சுருக்கின ஃபைலில போட்டா ஒண்டும் குறையாம அரைவாசி அளவுக்கு வரும். எம்பித்ரீ எண்டா இன்னும் சின்னது, ஆனா அதில சத்தத்திட ஒரு பங்கு போயிடும், போனில கேக்க அது போதும், சேத்து வைக்க அது வேண்டாம். இடம் இப்ப பெரிய செலவு இல்லை. நேரம்தான் செலவு. கசெட்டை வேகமா ஓட்டிப் பதியக்கூடாது, ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கவேணும், ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு எண்டு பாத்தாலும் 56 கிழமை, ஒரு வருசத்துக்கு மேல, அதுவும் கரண்ட் போகாம, கலியாணம் செத்தவீடு எண்டு ஒண்டும் வராம. நான் இதைக் குறையாச் சொல்லேல்லை, அந்த ஒரு மணித்தியாலம் பாட்டைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். ஆனா இந்த வேலையில முழுசா இறங்கினா வேற ஒண்டும் நடக்காது எண்டு தெரிஞ்சுகொண்டு இறங்கவேணும்.

சட்டத்தைப் பற்றி மருமகன் கேட்டவன், அதையும் சொல்லுறன். வீட்டுக்குச் சேத்து வைக்கிறது ஒண்டு, ஊருக்குப் போட்டு விடுறது வேற ஒண்டு. இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில ஒலிப்பதிவுக்கு உரிமை 50 வருசம், பாட்டு எழுதின ஆளுக்கும் இசை போட்ட ஆளுக்கும் சீவிய காலமும் அதுக்குப் பிறகு 70 வருசமும். அதால பதிவு பழசாப் போனாலும் பாட்டு இன்னும் ஆக்கள்ட சொத்துத்தான். பாடினவங்க கன பேர் பெரிசாக் காசு காணாத ஆக்கள், அவங்கட பேரை விட்டிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துப் போடுறது சட்டம் இல்லாட்டியும் எனக்கு மனசு கேக்காது.

நாலாவது, என்ட கொப்பி. எழுதுறதில இருக்கிற நன்மை என்னண்டா, கேட்ட காதை இன்னொருக்காக் கேக்க வைக்கும். எழுதத் தொடங்கின பிறகுதான் நான் பின்னால ஓடுற பொங்கோவைக் கேட்டனான், அதுக்கு முந்தி நாப்பது வருசம் பாடினவர்ட குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறன். கரண்ட் வேண்டாம், பிளேயர் வேண்டாம், கொப்பியும் பேனையும் போதும். ஆனா நான் முதலே சொன்ன மாதிரி, முழுசா எழுத வெளிக்கிட்டா நிண்டு போகும். இனி அரைப் பக்கம், அதுக்கு மேல இல்லை எண்டு வச்சிருக்கிறன். பாட்டு, பாடினவர், எந்தக் கசெட்டில எந்தப் பக்கம், என்ன வாத்தியம், ஆர் எனக்குச் சொன்னது, என்ட ஞாபகம் ஒரு வரி. தெரியாததுக்கு இடத்தை வெறுமனே விடுறது. அப்பிடி வெறுமனே விட்ட இடங்களைத் திருப்பிப் பாத்தபோதுதான் எனக்கு ஒண்டு விளங்கினது. நாலு கொப்பியிலயும் கூட வெறுமனே கிடக்கிறது ஒரே கேள்விதான், ஆர் வாசிச்சது.

அதுக்குப் பதில் கசெட்டில இல்லை, யூடியூப்பில இல்லை, என்ட ஞாபகத்திலயும் இல்லை. ஆக்களிட்ட இருக்கு. இதுதான் அஞ்சாவது வழி, நான் கடைசியா யோசிச்சு இப்ப முதல்ல வைக்கிற வழி.

உப்புவெளியில ஒரு ஐயா இருந்தவர், எக்கோடியன் வாசிக்கிறவர், 70களில ஊர்க் கலியாணம், கார்னிவல், கோயில் திருவிழா மேடை எல்லாத்திலயும் வாசிச்சவர். அத்தான்ட ஒரு கசெட்டில மக்கெய்சர் மைதானம் எண்டு மட்டும் எழுதியிருக்கிற பக்கம் ஒண்டு இருக்கு, அதில ஒரு எக்கோடியன், பாட்டு முடிஞ்ச பிறகும் நிப்பாட்டாம அரை நிமிசம் தனியா வாசிச்சுக்கொண்டு போகும், அவ்வளவு வடிவு. அது அவர்தானா எண்டு கேக்கவேணும் எண்டு ரெண்டு வருசம் நினைச்சுக்கொண்டிருந்தனான். மழை விட்டாப் பிறகு போவம், லீவு வந்தாப் போவம், கசெட்டை முதல்ல கொம்பியூட்டருக்கு மாத்திப்போட்டுக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவம். தை மாசம் அவர் காலமாகிட்டார். செத்தவீட்டுக்குப் போய், அவர்ட மகனிட்ட போனில அந்த அரை நிமிசத்தைப் போட்டுக் காட்டினன். அப்பா மாதிரித்தான் இருக்கு அங்கிள் எண்டு சொன்னான், ஆனா அவன் அப்ப பிறக்கேல்லை. அந்தப் பக்கத்தில ஆர் வாசிச்சது எண்ட இடம் இப்பவும் வெறுமனேதான் கிடக்கு. இனி அது நிரம்பாது.

கசெட்டுக்கு இன்னும் கொஞ்ச வருசம் இருக்கு. பூஞ்சணம் பிடிச்ச நாடாவைக்கூடத் துடைச்சு ஒருக்கா ஓட வைக்கலாம். அதை வாசிச்ச ஆக்கள் இப்ப எழுவது தாண்டி எம்பதுக்குக் கிட்ட.

இந்த வழியில செலவு எண்டு ஒண்டும் இல்லை. போனில இருக்கிற றெக்கோர்டர் போதும், 128 கேபிபிஎஸ்ஸில வச்சாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 60 எம்பிக்கு உள்ளதான். போனை ஃப்ளைட் மோடில போடுங்கோ, மடிச்ச துவாயில வையுங்கோ, மேசையில நேர வச்சா தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். ஃபேனை நிப்பாட்டுங்கோ, ஃபேன் நிண்டா வேர்க்கும்தான், அரை மணித்தியாலம் பொறுக்கலாம். பதியப்போறன் எண்டு முதலே கேளுங்கோ, பிறகு ஆருக்குக் குடுக்கலாம் எண்டதையும் கேட்டு அந்தப் பதிலையும் பதியுங்கோ. அவங்கட சொந்தக் கதையில வெளியில போகக்கூடாத பகுதி இருக்கும், எங்கட ஊரில அது கனக்க இருக்கும், அந்த இடத்தில நிப்பாட்டச் சொன்னா உடன நிப்பாட்டுங்கோ.

கேக்கிற விதம் முக்கியம். "உங்கட இசை வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டா மேடைப் பேச்சுத்தான் வரும். பாட்டைப் போடுங்கோ, பேசாம இருங்கோ. பாலையூத்தில ஒரு மண்டலின் ஐயாவுக்கு ஒரு கலியாண வீட்டுக் கசெட்டைப் போட்டன், முதல் பத்து நிமிசம் ஒண்டும் கதைக்கேல்லை, கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரல் மட்டும் முழங்காலில ஓடினது. பிறகு கண்ணைத் திறந்து, "இதில ஒரு கம்பி அறுந்திட்டுது, நான் மிச்சக் கம்பியோட சமாளிச்சது, கேளு" எண்டார். திரும்பப் போட்டுக் கேட்டன். நூறு தரம் கேட்ட பாட்டு அது, அந்த இடத்தில மண்டலின் மெலியுறதை நான் அண்டைக்குத்தான் முதல் முதல் கேட்டனான். அதுக்குப் பிறகு மனுசன் நிப்பாட்டேல்லை, ஆர்ட வீடு, ஆர் பொங்கோ, ஆர் மைக் செட் குடுத்தது, சாப்பாடு என்ன, திரும்பி வரேக்க எந்த லொறியில ஏறினது எண்டு முழுக்கச் சொன்னவர்.

வருசம் மட்டும் நேர கேக்காதேங்கோ, பிழையாத்தான் வரும், பெரிய ஆக்கள் வருசத்தை இலக்கமா வச்சிருக்கிறதில்லை. எங்கட பக்கத்தில அதுக்கு வேற கணக்கு இருக்கு. 64 புயலுக்கு முந்தியா பிந்தியா, 77 எலெக்சனுக்கு முந்தியா, 78 சூறாவளி அடிச்சு ஓடு பறந்தபோது உங்களிட்ட இந்த வாத்தியம் இருந்ததா, 83க்குப் பிறகும் வாசிச்சனீங்களா எண்டு கேளுங்கோ, ரெண்டு வருசத்துக்குள்ள கொண்டுவந்து நிப்பாட்டுவாங்க. மூத்த பிள்ளை பிறந்ததைக் கேட்டாலும் சரி வரும். ரெண்டு பேரிட்டக் கேட்டு ரெண்டும் ஒத்து வந்தாத்தான் நான் பேனையால எழுதுறன், இல்லாட்டிப் பென்சில்.

குறையும் இருக்கு இதில. ஞாபகம் பிழைக்கும், ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காத ஆக்கள் மற்றவர்ட பேரைச் சொல்லாமலே விடுவாங்க, ஒரு மணித்தியாலம் கதைச்சு ரெண்டு நிமிசம்தான் பாட்டைப் பற்றி வரும். பதிஞ்சதைத் திரும்பக் கேட்டுக் குறிப்பு எடுக்காட்டி அது இன்னொரு பெட்டி கசெட் மாதிரி கிடக்கும். நான் வீட்டுக்கு வந்த அண்டைக்கே ஒருக்காக் கேட்டு, எத்தினையாவது நிமிசத்தில என்ன எண்டு பத்து வரி எழுதுறன், அடுத்த நாள் எண்டா செய்ய மாட்டன் எண்டு எனக்குத் தெரியும்.

ஆறாவது ஒண்டும் இருக்கு, முழுசா வேற ஒரு இடத்திட்டக் குடுக்கிறது. நூலகம் எண்ட இணையத்தளம் 2005இல தொடங்கினது, இலங்கைத் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை எல்லாம் இலவசமா வாசிக்கக் கிடக்கு, ஒலிப்பதிவு, படம் எல்லாத்தையும்கூட அவங்க ஆவணமாச் சேக்கிறாங்க. வெளிநாட்டில இருந்துகொண்டு பெட்டியை வச்சுப் பாக்க ஏலாத ஆக்களுக்கு, பிள்ளையளுக்கு ஆர்வம் இல்லாத ஆக்களுக்கு, அது நல்ல வழி, அலுமாரிக்கு மேல உக்கிறதை விட எத்தினையோ மடங்கு மேல். ஆனா ஆர், எங்க, எப்ப எண்ட குறிப்பு இல்லாமக் குடுத்தா அங்கயும் அது பேர் தெரியாத சத்தமாத்தான் கிடக்கும். மக்கெய்சர் மைதானம் எண்டு மட்டும் எழுதின ஒரு பக்கத்தை வச்சு அவங்க என்ன செய்யிறது? அதால குடுக்கிறது கடைசிப் படி, நானும் குடுக்கத்தான் போறன், குறிப்போட குடுக்கப்போறன்.

இப்ப மருமகனுக்குப் பதில். தம்பி, பெட்டியை எறியேல்லை, எறிய மாட்டன். இந்த மாரி தொடங்க முந்தி ஒன்பது பேரைப் போய்ப் பாக்கவேணும், பேர் எழுதி வச்சிருக்கிறன், கிண்ணியாவில ரெண்டு பேர், மூதூரில ஒராள், சாம்பல்தீவில ஒராள், மிச்சம் டவுனும் பாலையூத்தும். வயசு கூடின ஆளில இருந்து தொடங்குறன், எனக்குக் கிட்ட இருக்கிற ஆளில இருந்து இல்லை. அவங்களுக்குப் போட்டுக்காட்டத் தேவையான கசெட்டை மட்டும் இப்ப கொம்பியூட்டருக்கு மாத்துறன், அது பதினாலு வருது, அதில உன்ட அப்பா வீட்டிலயும் றேடியோவிலயும் பதிஞ்சது எல்லாம் அடங்கும். மிச்சம் 98ம் நடுத்தட்டில, நிமித்தி, பல்லு உடைச்சு, சிலிக்கா ஜெல்லோட இருக்கு, அதுகளில கடைப் பாட்டுக் கசெட் இல்லாததை மழைக்குள்ள வீட்டில இருக்கேக்க ஒவ்வொண்டாச் செய்வன். கடைப் பாட்டுக் கசெட்டுகளை மாத்தவே போறதில்லை, அதெல்லாம் நீ சொன்ன மாதிரி யூடியூப்பில கேக்கலாம். ஞாயித்துக்கிழமை அரைப் பக்கம் எழுதுறதை விடேல்லை.

உன்னிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு. உங்கட பக்கத்தில, ஸ்காபரோவில, எங்கட ஊர் இசைக்குழுவில கிற்றார் வாசிச்ச ஒராள் இருக்கிறார் எண்டு மண்டலின் ஐயா சொன்னவர், உன்ட அப்பாவோட ஒண்டாப் படிச்சவராம். பேரும் ஆளைப் பிடிக்கிற வழியும் வாட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறன், அந்த மைதானப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறன், 31 நிமிசம். அவரிட்டப் போ, பாட்டைப் போடு, பேசாம இரு. 22ஆவது நிமிசத்தில அந்த எக்கோடியன் தனியா வரும். அது ஆர் எண்டு கேள்.